கையில் பழம் இல்லாத பொங்கல்

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். அதை முதலில் சொன்னவர் எங்கள் தெருப்பக்கம் வந்திருக்க மாட்டார். அங்கே எலுமிச்சை வைத்தவளும் நான், தண்ணீர் ஊற்றியவளும் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் வளவனூர்ப் பக்கத்திலிருந்து திண்டிவனம் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். தலையைத் தூக்கினால் பெருமுக்கல் மலை தெரியும் ஊர். அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டு வந்தது ஒரு பித்தளைச் சொம்பு, இரண்டு புடவை, கொட்டாங்குச்சியில் விதை போட்டு முளைத்த ஓர் எலுமிச்சைக் கன்று. வீட்டுக்காரர் பெரிய வீட்டில் படியாள். வருஷம் முழுக்க அவர்கள் நிலத்தில்தான் வேலை. எங்கள் குடிசை நின்ற மனையும் அந்த வீட்டு எஜமானரான ஆண்டையுடையதுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மாட்டுப்பொங்கலன்று படியாட்கள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெரிய வீட்டு வாசலில் நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை தட்டை நீட்டுவார். பழம் தட்டில் விழ வேண்டும், கை தட்டில் படக் கூடாது. அதன் பிறகுதான் வேட்டியும் நெல்லும். அந்த ஒரு பழத்துக்காக வீட்டுக்காரர் ஒவ்வொரு பொங்கலுக்கும் திண்டிவனம் சந்தைக்கு நடப்பார்.

கன்றை நட்ட அன்றே பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றாள்.

“முள்ளு மரம் வூட்டுக்கு ஆகாதுடி. சண்ட வரும்.”

“சண்ட இல்லாத வூடு ஒண்ணு காட்டுக்கா, புடுங்கிப் போட்டுடறேன்.”

சண்டை வரத்தான் வந்தது. ஆனால் வீட்டுக்குள்ளே இல்லை.

அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் கன்றுக்குத்தான். அடியில் மல்லாட்டைத் தோலை, வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வோம், பரப்பி வைப்பேன். இலை தின்ன ஒரு புழு வரும். பார்த்தால் காக்கை எச்சம் போலவே இருக்கும். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், நாறும். “உனுக்குக் கோவம் வந்தா இதே மாதிரிதாண்டி” என்பார் வீட்டுக்காரர். ஐந்து வருஷமாகியும் பூ இல்லை, வெறும் இலை. அக்காதான் சொன்னாள்: “குந்த வச்சி சோறு போட்டுக்கினே இருந்தா எவன் வேலைக்குப் போவான்? கொஞ்சம் வாட வுடு.” பங்குனி முழுக்கத் தண்ணீர் காட்டவில்லை. இலை சுருண்டது. சித்திரையில் ஒரு கோடை மழை. பத்தே நாளில் மரம் முழுக்க வெள்ளைப் பூ.

அதன்பிறகு மசக்கைக்காரி, பித்தக்காரர், ரசத்துக்குப் புளி இல்லாதவர், யார் கேட்டாலும் பறித்துக் கொடுத்தேன். மறு வருஷம் ஐப்பசியில் கணக்குப்பிள்ளை ஒரு பெரிய கூடையோடு வந்தார். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“ஆண்டை வூட்ல கல்யாணம். இருக்கறதெல்லாம் பறிச்சிப் போடு. ஜல்தி.”

“கேட்டா குடுப்பேங்க. பறிச்சிப் போடுன்னா எப்படிங்க?”

“மனை யாருது?”

“அவங்களுது.”

“அப்ப மரம்?”

“மரம் என்னுதுங்க. மண்ணுதான் உங்களுது. கூடை இருக்குதில்ல, வேணும்னா மண்ண அள்ளிக்கினு போங்க.”

வெறுங்கூடையோடு போனார். தெருவே பயந்துவிட்டது. “பேஜாரு பண்ணிட்டியே” என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா மஞ்சள் துணியோடு ஓடி வந்தாள். “அடிமரத்துல இத்த சுத்தி குங்குமம் வச்சிடு. அம்மன் மரம்னா எவனும் தொட மாட்டான்.”

நல்ல யோசனைதான். எனக்கு மனசு வரவில்லை. “அப்புறம் அது அம்மன் மரமாப் பூடும்க்கா. என் மரமாவே இருக்கட்டும்” என்றேன்.

அந்த வீம்புக்கு மரத்தையே கொடுத்தேன். அடுத்த வாரம் நான் மல்லாட்டை பிடுங்கப் போன நாளில், ஆள் விட்டு முழங்கால் உயரத்தோடு வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். காய்த்த மரம் கல்லடி படும் என்பார்கள்; எங்கள் தெருவில் கோடாலியே வரும். இரண்டு நாள் தெரு முழுக்க எலுமிச்சை இலை வாசனை.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எங்கய்யா?”

“சந்தைக்கு. பழம் வாங்கணும்.”

“மரத்த வெட்டுனவங்களுக்கு வாங்கிக் குடுக்கப் போறியா?”

“குடுக்கலன்னா வேலை போயிடும்டி.”

“குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்னு நீதான சொல்லுவ.”

அடிக்கட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு துண்டைக் கொடியில் போட்டுவிட்டார்.

மாட்டுப்பொங்கலன்று நானும் கூடப் போனேன். எங்கள் முறை வந்தது, தட்டு நீண்டது. வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“பழம் எங்கடா?” என்றார் ஆண்டை.

“எங்க வூட்டுப் பழந்தான் கொண்டாரணும்னு இருந்தங்க.” விரித்த கையை அவர் மடக்கவில்லை. “மரத்த வெட்டிட்டாங்க, ஆண்டே.”

எங்களுக்குப் பின்னால் அக்காவின் வீட்டுக்காரர். தன் பழத்தை மெதுவாக மடியில் செருகிக்கொண்டு, வெறுங்கையோடு முன்னால் வந்து நின்றார்.

அந்த வருஷம் அவருக்கும் வேட்டி இல்லை, எங்களுக்கும் இல்லை. என் வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திண்டிவனத்தில் நெல் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். மாசியில் கணக்குப்பிள்ளை மறுபடி வேலிக்கு வெளியே வந்து நின்று, மனையைக் காலி பண்ணச் சொன்னார். அடிக்கட்டையிலிருந்து அதற்குள் முழ நீளத்துக்குத் துளிர் கிளம்பியிருந்தது. வீட்டுக்காரர் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையை நிறுத்தவில்லை. நான் துளிருக்குக் கழுநீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்:

“கூடை கொண்டாரலீங்களா? மண்ணு அப்படியேதான் கெடக்குது.”