மருந்து உறையில் தமிழ்

கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மிஷன் மருந்தகத்தை மூடிய பிறகும் அதை நடத்தி வந்த கன்னியாஸ்திரி ஓயவில்லை. வெள்ளை அங்கிக்கு மேல் பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தினமும் பஸ் ஏறி அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். சிங்களத்தில் மட்டும் எழுதிய மருந்து உறைகளை வாங்கி, வேளையையும் அளவையும் தமிழில் எழுதித் தருவார். பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்கா அளவு தெரியாமல் சீனி வியாதி மாத்திரையை விழுங்கிச் செத்ததிலிருந்து, நானும் அம்மாவின் உறைகளை அவரிடமே நீட்டுவேன்.

"நீங்க இல்லாட்டி நாங்க என்ன செய்வோம், சிஸ்டர்?" என்றேன் ஒருநாள்.

பேனாவை நிறுத்தினார். "நான் எழுதிக் குடுக்கப்போய்த்தான் ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறவங்க தமிழ்ல எழுதாம இருக்காங்க. நீங்க யாரும் போய்க் கேக்கிறதில்ல. நான் செய்றது சேவையா, பாவமான்னு தெரியலம்மா."

கோபமாகத்தான் சொன்னார். அடுத்த உறையை நீட்டினேன். எழுதினார்.