குலுக்காத சேவல்

பாஸ்க் கோழிக்கு மனுஷனைக் கண்டால் பயமில்லை. அது என்னமோ பெரிய குணம் என்று நான் சந்தெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பயமில்லாத பிராணி இந்த ஊரில் எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

முட்டைகளைக் கொண்டுவந்தவன் என் தம்பி. கப்பலில் வேலை. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழ்கிற துறைமுகம் ஒன்றில் இறங்கி, விமானத்தில் ஊருக்கு வந்தபோது, காலுறைகளுக்குள் சுற்றி ஒரு டஜன் முட்டைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அங்கேயே அருகிப்போய், சிலபேர் பிடிவாதமாகக் காப்பாற்றி வைத்திருக்கிற இனமாம். இங்கே பர்மாவில், தாகேதாவில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், தகரக் கொட்டகையில், ஒரு நாட்டுக்கோழியை அடைக்கு வைத்தேன். பாதிக்கு மேல் கூமுட்டை. பொரித்ததில் ஒன்றே ஒன்று சேவல், மிச்சமெல்லாம் பெட்டை. தம்பி போனவன் போனவன்தான். திரும்பி வந்தால் மறுபடி நாட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள் என்று அங்கேயே தங்கிவிட்டான். இனி முட்டை வர வழியில்லை. அந்தச் சேவல் போனால் எல்லாம் போச்சு.

செங்கல் நிறம், மஞ்சள் கால். கூப்பிடாமலே வந்து மடியில் ஏறும். நான் துணி துவைக்க உட்கார்ந்தால் வாளி விளிம்பில் ஏறி நின்று என்னையே பார்க்கும். சித்திரை வெயிலில் தகரம் கொதிக்கும்போது, குளிர்நாட்டுப் பிறவியாயிற்றே என்று மத்தியானம் மத்தியானம் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பேன். திஞ்சான் வந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர்த் திருவிழாவில் மனுஷர்மேல் ஊற்றியது போதாதென்று சந்துப் பிள்ளைகள் இதன்மேலும் கிண்ணம் கிண்ணமாக ஊற்றுவார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நிற்கும். ஒரு சிலிர்ப்புக்கூடக் கிடையாது.

அக்காவுக்கு ஒரே மகன், இருபது வயது. தமிழ் புரியும், பேச்செல்லாம் பர்மிய மொழி. சித்தி என்று அவன் வாயில் வராது, டோலே என்பான். வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் பேர் எழுதிச் சீட்டுக் குலுக்குகிறார்கள். அதில் மகன் பேர் விழக்கூடாது என்று அக்கா ஆற்றுக்கு அக்கரையில் டாலாவிலிருக்கிற முனீஸ்வரனுக்குச் செஞ்சேவல் நேர்ந்துகொண்டாள். கடையில் வாங்கியது ஆகாதாம், வீட்டில் வளர்ந்ததாக இருக்கணுமாம். அவள் வீட்டில் ஒரு துளசிச் செடிகூட வளர்ந்ததில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் சேவலை நேர்ந்துவிட்டு வந்து நின்றாள்.

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். வேறு எங்கேயாவது ஒரு சேவல் தேடித் தருகிறேன், இது ஒன்றுதான் இருக்கிறது, இதோடு இனமே முடிந்துவிடும் என்று கெஞ்சவும் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"பெத்திருந்தா தெரியும். ஒனக்குக் கோழிதான புள்ள."

எனக்குப் பிள்ளையில்லை. கூடப் பிறந்தவள் அதை எடுத்து இப்படிச் செருகுவாள் என்று நான் நினைக்கவில்லை. கூடையைக் கொண்டுவந்து வைத்தேன். சேவல் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆற்றைக் கடக்கிற படகில் கூடைக்கு மூடிகூடப் போடவில்லை. அக்கம்பக்கத்திலிருந்தவர்கள் தடவிக் கொடுத்தார்கள். ஓர் அம்மா தன் சோற்றுப் பொட்டலத்திலிருந்து ஒரு கவளம் வைத்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மட்டும் உள்ளுக்குள் தைரியமாகவே இருந்தேன். எனக்கு ஒன்று தெரியும். முனிக்கு விடுகிற உயிரை அப்படியே வெட்டிவிட முடியாது. மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும், அது உடம்பைக் குலுக்க வேண்டும். குலுக்கினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தண்ணீரிலேயே வளர்ந்த என் சேவல் குலுக்கப் போவதில்லை. போகும்போது எப்படிப் போகிறதோ அப்படியே திரும்பி வரும். இதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

நான் நினைத்தபடிதான் நடந்தது. பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார், கண்ணை மூடியது. இன்னொரு சொம்பு ஊற்றினார், கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டது. மூன்றாவது சொம்புக்குக் கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. முனி வேண்டாமென்கிறார், பையன் பேர் விழத்தான் போகிறது என்று பின்னாலிருந்து யாரோ காதில் விழும்படி சொன்னார்கள். அக்கா மகன் குனிந்து சேவலின் ஈர முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சு காதில் விழுந்தும் நிமிரவில்லை. அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வளத்ததுடி. ஒனக்குத் தெரியும். எதாச்சும் பண்ணுடி."

தெரியும்தான். பிடரி மயிரில் மெல்ல ஊதினால் கொண்டையிலிருந்து வால்வரைக்கும் ஒரு குலுக்குக் குலுக்கும். மடியில் வைத்து நாங்கள் விளையாடுகிற விளையாட்டு அது. பையனின் கையைப் பார்த்தேன். குனிந்து ஊதினேன்.

குலுக்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஊதியது யார் என்று திரும்பிப் பார்த்து, நான்தான் என்று தெரிந்ததும் கொக் கொக் என்று சந்தோஷப்பட்டது. பூசாரி அதை யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை, அது நின்ற இடத்திலேயே நின்றது. அங்கேயே கறி சமைத்தார்கள். தொடைத்துண்டை அக்கா என் இலையில்தான் வைத்தாள். தின்றேன்.

சேவல் போனாலும் சில நாளைக்குப் பெட்டையின் முட்டையில் கரு இருக்கும். அந்த முட்டைகளைப் பொறுக்கி அடை வைத்தேன். பொரித்ததில் மறுபடியும் ஒரே ஒரு சேவல். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அடுத்த குலுக்கலில் பையன் பேர் விழுந்தது. அக்கா நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"அது தானாக் குலுக்கல. நீ ஊதின. முனிய ஏமாத்துன."

ஊதச் சொன்னது யார் என்று கேட்டேன். சந்தே கூடி நின்று பார்க்க, என் பிள்ளையைக் கொன்றவள் நீ என்று சொல்லி மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். பையனைக் கொண்டுபோனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

மாசிக்குப் பிறகு ஒருநாள் அக்கா வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் காலடியில் மேய்ந்துகொண்டிருந்த இளஞ்சேவலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளிடமும் போய்ப் புடவை ஓரத்தைக் கொத்தி விளையாடியது.

"அவன் உசுரோட வந்தா இதையும் முனிக்குத் தர்றதா நேந்திருக்கேன். இதுமேல தண்ணி படக்கூடாது. ஒன் மூச்சும் படக்கூடாது. இந்தத் தடவ தானாக் குலுக்கணும்."

இது போனால் இனம் போச்சு. இது பிழைத்துக் கிடந்தால் பையன் வரவில்லை என்று அர்த்தம். சரியென்று தலையாட்டினேன்.

இப்போது சித்திரை. தகரம் கொதிக்கிறது. திஞ்சானுக்குக் கிண்ணத்தோடு வந்த பிள்ளைகளை விரட்டிவிட்டேன். மத்தியானமானால் சேவல் இறக்கையைத் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டு, வாளியருகே வந்து என் முகத்தைப் பார்த்தபடி நிற்கும். குடிக்கத் தண்ணீர் சட்டியில் வைத்திருக்கிறேன். அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை, தலையைக் குனித்துக் காட்டுகிறது. நான் வாளியை மூடிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.