நசீமுன்னிசா திருப்பி அனுப்பிய தண்ணீர் லாரி

ஆம்பூரில் அந்தத் தெருவுக்கு வாடகை வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலையும் பார்ப்பதில்லை, அலமாரியையும் பார்ப்பதில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். முகம் கோணாமல் இருந்தால்தான் அடுத்த பேச்சு. தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? ஆள் வருவதற்கு முந்தின நாள் மாடித் தொட்டியைக் காலி செய்துவிட்டு, ஆலங்காயம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வரும் லாரித் தண்ணீரை நிரப்பிவிடுவார்கள். இதை ஏமாற்று என்று தெருவில் ஒருவரும் சொல்வதில்லை. ‘தொட்டி கழுவுறது’ என்று மரியாதையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வரும்போது பவுடர் போடுவதில்லையா, அது மாதிரிதான் இதுவும் என்பது எதிர்வீட்டு ராமலிங்கத்தின் வியாக்கியானம். அவருக்கு அந்தத் தெருவில் நாலு வீடு.

நசீமுன்னிசாவும் ஒருமுறை கழுவினாள்.

இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்து, பி.எஃப். பணத்தை மொத்தமாக வாங்கி, கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை வாங்கியவள் அவள். கணவர் இறந்த பிறகு ஏழு வருடம் தம்பி ஹம்மாத் வீட்டில் இருந்தாள். தம்பி நல்லவன்தான். ஆனாலும் அங்கே ஃபேன் போடுவதற்குக்கூட அவள் யோசிக்க வேண்டியிருந்தது. கீழே தான் இருந்துகொண்டு மேல் போர்ஷன் வாடகையில் சாப்பிடுவது என்று திட்டம் போட்டாள். அந்தத் திட்டத்தில் தண்ணீரை மறந்துவிட்டாள். வீடு விற்றவர் அவளுக்கும் கழுவின தொட்டியைத்தான் காட்டியிருந்தார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் எப்படி ஏமாந்தாள் என்று கேட்டால், சொந்த வீடு என்றதும் நாக்குக்கும் புத்தி மழுங்கிவிடும் போல.

முதலில் குடிவந்தவள் ஜஹீதா, வெளியூர்க்காரி, கைக்குழந்தைக்காரி. மூன்றாம் நாள் லாரித் தண்ணீர் தீர்ந்து போர் தண்ணீர் வந்தது. அன்று காலையில் டம்ளரோடு இறங்கி வந்தாள். நசீமுன்னிசாவை அக்கா முறை வைத்து ஆபா என்றுதான் கூப்பிடுவாள்.

“ஆபா, பால் நல்ல பால்தான். டீ போட்டா திரிஞ்சுபோச்சு. நீங்களே பாருங்க.”

இடுப்பில் இருந்த குழந்தையின் முதுகெல்லாம் தடிப்பு. நசீமுன்னிசாவின் கண் அங்கே போனதும் ஜஹீதா துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவள் திட்டவில்லை. நசீமுன்னிசாவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அந்த மாதக் கடைசியில் ஜஹீதா காலி செய்துகொண்டு போனாள்.

மூன்று மாதம் மேல் போர்ஷன் பூட்டிக் கிடந்தது. கையிருப்பு கரைந்துகொண்டே வந்தது. வீட்டு புரோக்கர் வேலையும் பார்க்கிற ஹம்மாத் ஒருநாள் வந்து உட்கார்ந்தான்.

“ஞாயித்துக்கெழம ஒரு ஃபேமிலிய கூட்டிட்டு வர்றேன். சனிக்கெழம தொட்டி கழுவிடலாம், லாரிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். அது வேணாம்னா கெமிக்கல் கோடவுனுக்கு ஒரு பார்ட்டி எடம் கேக்கறாரு. இத வித்துட்டு நம்ம வீட்டுக்கே வந்துடு ஆபா. எதுக்கு இந்த பேஜாரு?”

நம்ம வீடு என்று அவன் சொன்னதும் அவளுக்கு அந்த ஃபேன் சுவிட்ச்தான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை லாரி வந்தது. டிரைவர் குழாயை இழுக்கும் முன்பே அவள் கேட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

“வேணாம்பா, திருப்பிக்கினு போ.”

“அட்வான்ஸ் வாங்கியாச்சும்மா.”

“குடுத்தவன் வீட்டுல ஊத்து.”

மறுநாள் வந்த குடும்பம் குழாய்ப் பக்கம் போவதற்குள் அவளே சொல்லிவிட்டாள். “இது உப்புத் தண்ணி. குடிக்க ஆவாது, டீ திரிஞ்சுடும். கொழந்தைங்க இருந்தா இதுல குளிப்பாட்டாதீங்க. முனிசிபாலிட்டி நல்ல தண்ணி வர்ற அன்னிக்கு புடிச்சு வச்சுக்கணும், மிச்சத்துக்கு கேன் வாங்கணும். அதுக்காக வாடகைய கம்மி பண்ணிக்கறேன்.” அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போன் பண்ணுவதாகச் சொல்லிப் படியிறங்கினார்கள். ஹம்மாத் தலையில் அடித்துக்கொண்டான்.

அவளுக்கு இன்னும் வீம்பு ஏறியது. ஒரு பலகையில் பெயிண்டால் எழுதி கேட்டில் மாட்டினாள். மேல் மாடி வாடகைக்கு. போர் தண்ணீர் உப்பு.

சாயங்காலமே ராமலிங்கம் இரண்டு வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தார். “ஏம்மா, இன்னா பண்ணி வச்சிருக்கீங்க? இத படிச்சா எங்க வீட்டுக்கு எவன் வருவான்? மொதல்ல போர்ட கழட்டுங்க.”

“எழுதினது என் வீட்டு தண்ணிய பத்தி. ஒங்க வீட்டுல இனிப்பா வந்தா ஒங்க கேட்டுல எழுதி மாட்டுங்க. யாரு வேணாம்னது?”

“தெருவயே பகைச்சுக்கினு நீங்க இங்க இருந்துட முடியுமா?”

“இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசர் கத்தறத கேட்டுக்கினேதான் தச்சேன். நீங்க கத்தி முடிச்சிட்டா சொல்லுங்க, கதவ சாத்தணும்.”

சாத்திவிட்டு உள்ளே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் வீட்டை விற்றுவிட்டுத் தம்பி வீட்டு மூலைக்குத்தான் போகவேண்டும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் போர்டைக் கழற்றலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

நாலைந்து நாள் கழித்து வேலைக்குப் போகிற வழியில் ஒருத்தி கேட்டைத் தட்டினாள். ராமலிங்கத்தின் மாடியில் குடியிருக்கும் மோகனா.

“அக்கா, மேல காலியாத்தான இருக்கு?”

“போர்ட படிச்சியா? பெறகு வந்து சண்ட போடக்கூடாது.”

“ரெண்டு வருஷமா எதிர்ல இருக்கேன்க்கா. முடி கொட்டுது, ஒடம்பு அரிக்குதுன்னு ஹவுஸ் ஓனருகிட்ட சொன்னா, எங்க தண்ணி தங்கம், ஒனக்குத்தான் இன்னாவோ வியாதி, போய் டாக்டர பாருன்றாரு. நானும் எனக்குத்தான் கோளாறுன்னு நெனச்சுக்கினு மாத்திர சாப்புட்டுக்கினு இருந்தேன்.” மோகனா போர்டைத் தொட்டுக் காட்டினாள். “இத படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன்க்கா.”

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாமான்கள் தெருவைக் குறுக்கே கடந்தன. தள்ளுவண்டியெல்லாம் தேவைப்படவில்லை. ராமலிங்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பீரோ வெளியே வந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

“அங்க மட்டும் தேனா கொட்டுது?”

“இல்ல சார்,” என்றாள் மோகனா. “அங்கயும் உப்புதான்.”

நசீமுன்னிசா முக்காட்டை இறுக்கிக்கொண்டு, பீரோவின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள்.