விரலில் மாட்டிய கிளிப்

பாளையங்கோட்டையில் வலி என்றால் என்னவென்றே தெரியாத ஒரே மனுஷன் தேவதாசன்தான். அவரைக் கடித்த கட்டெறும்பு பல்வலியோடு மருந்துக்கடை தேடிப் போனதாம். இந்தப் புகழைப் பரப்பியது வேறு யாருமில்லை, அவரேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் வலப்பக்கம் குடலிறக்க ஆபரேஷன். பத்தாம் நாளே சர்ச்சில் எழுந்து நின்று, "ஸ்தோத்திரம், துளி வலி இல்ல" என்று சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா என்றது. அந்நேரமே தையல் போட்ட இடம் தீயாக எரிந்துகொண்டிருந்தது. சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது? டாக்டரிடமும் "சுகமா இருக்கேன்" என்றுவிட்டார்.

எரிச்சல் இன்றுவரை போகவில்லை. வேட்டி உரசினால் ஷாக் அடிக்கும். பள்ளிக்கூட கிளார்க்கான அவர் ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தே நடப்பதை ஊர் மிடுக்கு என்று நினைத்தது. மகள் ஃபெபி மட்டும் அப்படி நினைக்கவில்லை.

இப்போது இடப்பக்கமும் ஆபரேஷன்; ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். பழைய வலியை மறைத்தால் இந்தப் பக்கமும் அப்படியே ஆகலாம் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து ஃபெபிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலை ஏழு தடவை சுற்றியாயிற்று.

நர்ஸ் அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டுப் போனார். பக்கத்துப் பெட்டி பீப், பீப் என்றது.

"எப்பா, இது பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷினு. பொய் சொன்னா சத்தம் கூடும்."

"போடி, கிறுக்கச்சி."

"சர்ச்சுல சொன்னத இங்கன சொல்லிப் பாருங்க, தெரியும்."

மயக்க டாக்டர் ஸமீஹா வந்தார். "போன ஆபரேஷனுக்கு அப்புறம் வலி இருந்துச்சா, ஐயா?"

தேவதாசன் வாயைத் திறந்தார். பெட்டி வேகம் பிடித்தது. ஃபெபி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இருக்கு, டாக்டரம்மா. இன்னும் எரியுது. துணி பட்டா உசிரு போவுது."

"அது நரம்பு வலி. நல்லவேளை சொன்னீங்க. கத்தி வைக்கிறதுக்கு முன்னாலயே அந்த இடத்து நரம்பை மரத்துப்போக வைக்கிறோம். அப்புறமும் எரிஞ்சா அன்னைக்கே சொல்லணும், பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கக் கூடாது. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா வாய்ப்பு குறையும். பழைய பக்கத்துக்கும் மருந்து பாப்போம்."

டாக்டர் போனதும் ஃபெபி துள்ளினாள். "மெஷினு உங்கள மாட்டிவிட்டுட்டு, பாத்தீங்களா!"

"ஏட்டி, கொரோனா நேரம் ஸ்கூல் வாசல்ல நின்னு முந்நூறு பிள்ளையளுக்கு இத மாட்டிவிட்டவன் நான். நாடி பாக்குற சாமான். சாட்சிய மாத்திச் சொல்ல எனக்கும் ஒரு சாக்கு வேணும்லா?"

கிளிப்பைக் கழற்றி அவள் விரலில் மாட்டினார்.

"இப்ப நீ சொல்லு. அப்பாவ நெனச்சுப் பயந்தியா?"

"நானா? சீச்சீ."

பெட்டி தடதடவென்று அடித்தது.