அடுப்பை அணைக்க வந்த ராத்தா

போன ஐப்பசியில் நான் செய்த ஒரு காரியத்தால் என் வீட்டில் கதைபேச்சு நின்றுபோனது. அதிலிருந்து ஆண்டவர் எங்களைத் தூக்கிவிட்ட விதத்தைச் சபையில் எழும்பிச் சொல்லப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அதனால் எழுதித் தருகிறேன்.

என் பெயர் ஜெனிற்றா. திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். தையல் கடையொன்றில் வேலை. கணவர் சுதன் துறைமுகத்தில் வெல்டிங் செய்கிறவர். நாலு வருடத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஒப்பரேஷன் மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சுதன்தான் தனியே கொண்டுபோய் அடக்கம் செய்தார். ஒருதரம்கூட அழாத பிள்ளைக்கு யாரும் செத்தவீடு செய்வதில்லை. பந்தலும் இல்லை, பாட்டும் இல்லை. "மறந்திடு, அடுத்தது கிடைக்கும்" என்றார்கள். சுதன் அதற்குப் பிறகு பிள்ளையின் பெயரை வாயில் எடுத்ததே இல்லை.

ஐப்பசியில் அவளுடைய நாள் வந்தது. கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் போனை எடுத்து பேஸ்புக்கில் எழுதத் தொடங்கினேன். 'எனக்கு அபிகேல் என்று ஒரு மகள் இருந்தாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை.' இப்படி ஆரம்பித்து, நாலு வருடமாக நெஞ்சில் கிடந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அன்றைக்கு மனம் காற்றாய்ப் பறந்தது. அழுகிற முகங்கள், இருதயங்கள், 'சிஸ்டர் உங்களுக்காக ஜெபிக்கிறோம்' என்று எத்தனையோ பேர். அடுத்த நாள் அது போய்விட்டது. உடுப்பு மாற்றும்போது கதவு தானாகத் திறந்துகொண்ட மாதிரி ஒரு கூச்சம். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. போனைப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். 'செத்த பிள்ளையைக் காட்டி லைக் சேர்க்கிறா' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு கேட்கவில்லை.

வேலையிடத்தில் யாரோ சுதனுக்குக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒன்றுதான் கேட்டார்.

"ஊர் முழுக்க வாசிச்ச பிறகோ நான் வாசிக்க வேணும்?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. போனையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார். என்னுடையதையும் அணைத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

அடுத்த கிழமை யாரோ நடிகருக்குக் கல்யாணம். பேஸ்புக்கில் சனம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள். போனில் என்னைக் கட்டிப்பிடித்த சகோதரிகள் ஆராதனை முடிந்து வெளியே நின்று மழையைப் பற்றிக் கதைத்தார்கள். நல்ல மனிசிகள்தான். என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அபி இரண்டாம் தரம் செத்த மாதிரி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, குசினியில் சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே தரையில் இருந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, ஆயிரம் பேர் வேண்டாம். இந்தப் படலையால ஒரே ஒரு ஆளை அனுப்பும். இல்லாட்டி இண்டைக்கு எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு அவளின்ர பேரை இனி எடுக்கமாட்டன்." யாரை அனுப்பினால் நல்லது என்றும் அவருக்கு இரண்டு மூன்று பெயர் சொன்னேன். கடவுளுக்கே ஆள் பார்த்துக் கொடுக்கிற புத்திசாலி நான்!

சோறு கொதிக்க முன்னம் படலை திறந்தது. முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா, கையில் பெரிய சாப்பாட்டுக் கரியர். முன்பின் கண்டதில்லை.

"ஜெனிற்றா நீங்கதானா, புள்ள?"

"ஓம்."

"மௌத்துக்கு வந்த நான். பிந்திப் போச்சு, மன்னிச்சிக்கங்க."

"இஞ்ச ஒருத்தரும் சாகேல்லையே," என்றேன்.

"ஒங்கட மகள் மௌத்தாகல்லியா?"

அவரை உள்ளே வரச் சொன்னேன்.

தோப்பூரில் வயல் செய்கிற குடும்பமாம். பெயர் ஜெமீலா. அவர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'ராத்தா' என்றேன். அவருக்கு பேஸ்புக் எல்லாம் தெரியாது. மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். என் படத்தில் தெரிந்த கடைப் பெயரை வைத்து, இரண்டு பஸ் மாறி வந்து, கடையில் கேட்டு வீட்டைப் பிடித்திருக்கிறார். நேரே குசினிக்குள் போய் அடுப்பை அணைத்தார்.

"மௌத்து வீட்ட அடுப்பெரிக்கிற இல்ல, புள்ள. ஒங்கட ஆக்கள் மௌத்துக்கு மீன் சேர்க்க மாட்டாங்களாம் எண்டு கேட்டு, மரக்கறிதான் ஆக்கி வந்த."

நாங்கள் அதெல்லாம் பார்க்காத, மீன் சாப்பிடுகிற சனம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருடைய தோளில் விழுந்து குரல் வைத்து அழுதேன். நாலு வருடத்து அழுகை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா எட்டிப் பார்த்திருக்கிறா. அழுகைச் சத்தம், கரியரோடு வந்த ஆள். வேறென்ன நினைப்பா? எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு ஆட்களுக்கு முன்னம் கதிரைகள் வந்துவிடும். இரண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடிவந்தா. பின்னால் நாலைந்து பெண்கள். அக்காவின் கணவர் துறைமுகத்துக்கு போன் பண்ணி, சுதனின் வீட்டில் செத்தவீடு, உடனே அனுப்புங்கோ என்று சொல்லிவிட்டார்.

"ஆர் மோசம் போனது?" என்று அக்கா மூச்சு வாங்கக் கேட்டா.

"இவட மகள்," என்றார் ஜெமீலா ராத்தா.

"எப்ப?"

"நாலு வருசம்."

எல்லோரும் முறைத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். அக்கா தூக்கி வந்த கதிரையை வைத்து, அதிலேயே இருந்தா.

"மதிலுக்கு அந்தப் பக்கம்தானே இருந்தனான். நீ வெறுங்கையோட வந்து இறங்கினதைக் கண்டனான். கேட்டா உனக்கு நோகும் எண்டு பேசாமல் இருந்திட்டன், பிள்ளை."

ஒருவரும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் சுதன் ஓடி வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. கூட்டத்தின் நடுவில் என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"உம்மை எண்டெல்லோ நினைச்சிட்டன்," என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு என்னோடு கதைக்கிறார்!

"இல்லை. அபிக்குத்தான் எல்லாரும் வந்திருக்கினம்," என்றேன்.

ராத்தா அவர் முன்னாலும் ஒரு கோப்பை சோறு வைத்தார். பிறகு, நாலு வருடமாக யாருமே அவரிடம் கேட்காத கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"புள்ள ஆரப் போல, தம்பி?"

சுதன் என்னைப் பார்த்தார்.

"மூக்கு இவவின்ர மூக்கு. தலை நிறைய முடி. துணியால சுத்தேக்க முடி வெளியால வந்துகொண்டே இருந்தது. நான் திரும்பத் திரும்ப உள்ளுக்கு விட்டனான்." பிறகு என்னிடம், "நீர் தாங்கமாட்டீர் எண்டு சொல்லேல்லை. அபியை நான் கனநேரம் வச்சிருந்தனான்," என்றார்.

நான் கேட்டது ஒரு ஆளை. ஆண்டவர் வீடு நிறைய ஆட்களையும், என் கணவரையும், என் பிள்ளையின் முகத்தையும் தந்தார். நான் சொன்ன பெயர்களில் ஒருவரும் வரவில்லை. எங்கே விசாரித்திருந்தாலும் ஜெமீலா ராத்தாவைப்போல் ஒரு மனிசியை என்னால் தேடிப் பிடித்திருக்க ஏலாது. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை தானாகக் குனிகிறது.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. இப்போது போனில் யாராவது தங்கள் துக்கத்தை எழுதினால், நான் அழுகிற முகம் போடுவதில்லை. வீடு எங்கே என்று விசாரிக்கிறேன். பரமேஸ்வரி அக்காவும் நானும் கரியரோடு போகிறோம். சுதன்தான் மோட்டார் சைக்கிளில் ஒவ்வொருவராக ஏற்றி இறக்குவார்.

சொல்லிவிட்டோமே என்று வெட்கப்பட்டு, அழித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு இதை வாசிக்கிற யாராவது இருந்தால், பொறுங்கள். ஒரு ஆளை அனுப்பச் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள். ஆனால் யாரை அனுப்புவது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

என் மகளுக்குத் தலை நிறைய முடி இருந்தது. அதை என் காதால் கேட்கவைத்தவருக்கு நன்றி.