முள் எடுக்கும் பெண்ணுக்குப் பின்னால்

கணவர் இறந்து, மகளும் வேலைக்காகப் புனே போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை மதியங்களைக் கடத்துவதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மற்ற நாட்களில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்தால் அப்புறம் பேச ஆளில்லை. மகள்தான் போனில் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்த்துவிட்டாள். சிலைகளையும் ஓவியங்களையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு.

முப்பது பேர் இருப்போம். எல்லோரும் கேமராவை அணைத்துவிடுவார்கள், நானும்தான். கறுப்புக் கட்டங்களில் பெயர்கள் மட்டும் தெரியும். ஐந்து வாரம் நான் வாய் திறக்கவில்லை.

ஆறாவது வாரம் ஆசிரியை ஒரு கல்தூணின் படத்தைக் காட்டினார். ஒரு பெண் காலைத் தூக்கி முள் எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று அவர் சொன்னதும் மைக்கைத் திறந்தேன்.

"மேடம், அது எங்க ஊரு. கடைக்குப் போற வழியிலதான் அந்தக் கோயில் இருக்குது."

"இத்தனை வருஷமா இந்த ஒரு படத்தை வெச்சுதான் நடத்துறேன். நேர்ல பார்த்ததில்ல. தூணோட பின்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்வீங்களா?"

சரி என்றேன். அந்தக் கோயிலுக்குள் நான் போனதே இல்லை என்று சொல்லவில்லை. தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில்கூட நடக்க முடியாது. பிறகு வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டோம்.

மறுநாள் கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வெளி மண்டபத்திலேயே அந்தத் தூண் இருந்தது. முள் எடுக்கும் பெண் ஆளுயரம் இருப்பாள் என்று நினைத்திருந்தேன்; ஒரு முழம்கூட இல்லை. பின்பக்கம் ஒரு குரங்கு, அவளைப் போலவே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அருகில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாமா, கல்லப் பார்த்து சிரிச்சிக்கினு இருக்கிற?"

"இந்தக் குரங்கப் பாருங்கமா."

எட்டிப் பார்த்தார். "அது எப்பவும் இங்கதான் இருக்குது" என்று மறுபடி பூவை எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நான் எடுத்த படத்தை ஆசிரியை வகுப்பில் காட்டினார். குரங்கு அவளைக் கேலி செய்கிறது என்றார்கள். "கேலி இல்ல, அதுக்கும் முள்ளு குத்தியிருக்கும்" என்றது ஒரு பெண் குரல். யார் என்று நான் பார்ப்பதற்குள் மைக் அணைந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்தது. முள் குத்தியிருக்கும் என்று சொன்னது யார் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். பலர் பார்த்தார்கள், யாரும் பதில் போடவில்லை.

இப்போது ஞாயிறு மதியம் அந்த மண்டபத்துக்குப் போகிறேன்; நடை சாத்தியிருந்தாலும் அது திறந்தே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தூண், நான்கு பக்கமும். பிடித்ததை மகளுக்கு அனுப்புவேன். "சூப்பர்மா" என்று வரும். போனைப் பையில் போட்டுவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.