உள்பக்கம் திருப்பிய எண்ணெய் கவர்

எங்கள் வீட்டில் எதையும் கண்டபடி தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. அதை என்னுடைய நல்ல குணம் என்றே நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பால் கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். பொட்டலம் கட்டி வந்த சணலைச் சுற்றி டப்பாவில் போட்டுவைப்பேன். அன்றன்று நடந்ததை டைரியில் நான்கைந்து வரி எழுதுவேன். மழை பெய்ததா, சிலிண்டர் வந்ததா, யார் வந்தார்கள், என்ன சமையல், அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் கடைக்கு எண்ணெய் அனுப்பிய ஆலைக்காரர் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு டைரி கொடுத்துவிடுவார். அந்த டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குத் திருவண்ணாமலையில், பே கோபுரத் தெருவில் எண்ணெய்க் கடை. இரண்டு பெரிய டிரம்களில் கடலை எண்ணெய், சின்ன டின்களில் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும். எல்லாம் சில்லறை வியாபாரம். வருகிறவர்கள் தூக்குவாளியோ பாட்டிலோ கொண்டுவந்து வாங்கிப்போவார்கள். புதிதாக யார் வந்தாலும் என் கணவர் அவர்கள் புறங்கையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தேய்த்து மோந்து பார்க்கச் சொல்வார். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். வறுத்த மல்லாட்டையின் வாசனை அப்படியே வரும். தன் எண்ணெயில் கலப்படம் இல்லை என்று அவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொட்டைப் போட்டுவிட்டுச் சும்மா நிற்பார்.

எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. வெளியூர்களிலிருந்து உத்தியோகஸ்தர்கள் குடிவந்தார்கள். எங்கள் எதிர்வீட்டுக்கும் கலெக்டர் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் முதல்முதலாகக் கடைக்கு வந்தபோது நானும் அங்கிருந்தேன். கையில் எண்ணெய் விட்டதும் வெடுக்கென்று பின்வாங்கினாள்.

"இன்னாண்ணா, கையில ஊத்துறீங்க. புடவையில பட்டா கறை போவாதே."

"போவலன்னா புதுப் புடவை எடுத்துத் தரேம்மா."

"அதை அண்ணி கிட்ட கேட்டுட்டு சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு கையை மோந்து பார்த்துவிட்டு வாளியை நீட்டினாள். பத்து வருஷத்துக்கு மேல் அவள் வேறு கடைக்குப் போகவில்லை. ஆபீஸ்காரர்கள் குடும்பங்களில் பாதியை எங்கள் கடைக்கு அனுப்பியதும் அவள்தான்.

அந்தப் பத்து வருஷத்தில் எண்ணெய் மாறியது. முதலில் ரேஷன் கடையில் பாமாயில் போட்டார்கள். ஆரம்பத்தில் அதில் சுட்ட வடை தொண்டையில் ஒட்டுகிறது என்று கேலி செய்தவர்களே பிறகு அட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வரும் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. இவ்வளவு ஜனம் தின்னும் பஜ்ஜிக்கும் பூரிக்கும் எண்ணெய் வேண்டுமே, நம் கடைக்கு நல்ல காலம் என்று என் கணவர் நம்பினார். மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் பஜ்ஜிக் கடைகளுக்கு ஒரு பாட்டிலில் சாம்பிள் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, ஒரு கடைக்காரன் சொன்னதை அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"உங்க எண்ணெ நல்ல எண்ணெதான் மொதலாளி. அதான் கட்டுப்படியாவல. பஜ்ஜி திங்கிறவன் மெட்ராஸ்ல இருந்து வர்றான். தின்னுட்டுப் பஸ் ஏறிடுவான். என்னைத் தேடிக்கினு மறுபடி வரப்போறானா?"

அவன் கடைக்குப் பின்னால் இறக்குமதிப் பாமாயில் டின்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தனவாம்.

அடுத்து பாக்கெட் வந்தது. சூரியகாந்தி எண்ணெய், ரீஃபைண்ட். டிவியில் ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் நடுவில் நாலு தரம் காட்டினார்கள். அதில் வரும் பெண் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றினால் தண்ணீர் மாதிரி இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. எங்கள் எண்ணெய்க்கு எது பெருமையோ அதையே குறை என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு போனவர்கள் தூக்குவாளியைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள் போலிருக்கிறது. ஒருவரும் திரும்பி வரவில்லை. கடையில் ஒரு டிரம்மைக் காலியாகவே வைத்திருந்தோம். மற்றது ஓடியதற்குக் காரணம் எதிர்வீட்டம்மாளும் அவளைப் போன்ற முப்பது நாற்பது குடும்பங்களும்தான். இவர் எண்ணெயில் எதையும் கலப்பதில்லை என்பது ஒன்றுதான் எங்களிடம் மிச்சமிருந்த சரக்கு.

அந்த நிலைமையில்தான் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. வேலூரில் காட்டினோம். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டார். கடலை எண்ணெய் என்றேன். அதை நிறுத்தச் சொல்லி, சீட்டின் அடியில் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் மட்டும் என்று எழுதிக் கோடு போட்டார். இவர் என்ன தொழில் செய்கிறார் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பஸ் போளூர் தாண்டியதும் என் கணவர் சீட்டை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"வாங்கிடு. ஆனா நம்ம தெருவுல வாங்காத. யாருக்கும் தெரிய வேணாம்."

"நெஞ்சுவலின்னு சொன்னா யார் என்ன சொல்லப்போறாங்க?"

"பொண்ணைப் பாக்க வர்றவன் சொல்லுவான். அப்பனுக்கு நெஞ்சுல கோளாறுன்னு சொல்லி எழுந்து போவான்."

எங்களுக்கு ஒரே பெண். அப்போதுதான் ஜாதகம் வெளியே கொடுத்திருந்தோம். அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

மாதத்துக்கு இரண்டு முறை டவுன் பஸ்ஸில் வேங்கிக்கால் போய், எங்களைத் தெரியாத ஒரு கடையில் பாக்கெட் வாங்கி, துணிப்பைக்கு அடியில் வைத்து மேலே கீரையைப் பரப்பிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் எண்ணெயைப் பழைய எவர்சில்வர் தூக்கில் ஊற்றிவிடுவேன். கவரை என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை. தெருத் தொட்டியில் போட்டால் நாய் இழுத்து வாசலில் போடும். கொளுத்தினால் நாற்றம் எடுக்கும். சீயக்காய் போட்டுக் கழுவிக் காயவைத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கினேன். அவை பத்துப் பதினைந்து சேர்ந்ததும் எனக்கு அந்த யோசனை வந்தது. புழக்கடையில் டிசம்பர் பூக் கன்றுகள் பதியம் போட்டிருந்தேன். கவர் கெட்டியானது, ஒன்றில் ஒரு கன்று வைக்கலாம். பெயரும் பூப்படமும் தெரியாமலிருக்க ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். உள்பக்கம் வெறும் வெள்ளை. அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி, கன்றை நட்டு, வரிசையாக வைத்தேன். பார்க்கவும் அழகாக இருந்தது. "கன்றுகள் பன்னிரண்டும் பிடித்துவிட்டன" என்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை எதிர்வீட்டம்மாள் வந்தாள். கன்றுகளைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள். நன்றாக வேர்விட்ட ஒன்றை நானே பொறுக்கிக் கையில் கொடுத்தேன்.

"கவரைக் கிழிக்காம, பிளேடால அறுத்து எடு. வேர் அறுந்துடப் போவுது" என்றும் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே செய்திருக்கிறாள்.

மறுநாள் மதியம் கடைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். எண்ணெய் வாங்க மூன்று பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டம்மாள் எனக்குப் பின்னாலேயே வந்தாள். கையில் தூக்குவாளி இல்லை.

"ஏண்ணா, உங்க வூட்ல எந்த எண்ணெயில தாளிக்கிறீங்க?"

என் கணவர் வாளியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, "இன்னாம்மா கேள்வி இது. நம்ம கடை எண்ணெதான்" என்றார்.

அவள் பையிலிருந்து கவரை எடுத்து மேசைமேல் விரித்தாள். நீளவாட்டில் நேராக அறுத்திருந்தாள். ஈர மண் ஒட்டியிருந்தது. மண்ணுக்கு நடுவில் மஞ்சள் சூரியகாந்திப் பூ தெரிந்தது.

"அப்ப இது யாரு வூட்ல தாளிச்சதுண்ணா?"

என் கணவர் கவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நின்றிருந்தவர்களில் ஒருவர், "சமையக்காரனே ஓட்டல்ல சாப்பிடுறானா, சரிதான்" என்றார். இன்னொருவர் சிரித்தார்.

"எங்க வூட்டுக்காரரு பாக்கெட் வாங்குன்னு சொல்றப்பல்லாம் உங்க எண்ணெக்காக நான் சண்டை போட்டேண்ணா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அழுதுவிடுவாள் போலத்தான் இருந்தாள். "நீங்களே துன்ன மாட்டேன்றத எங்களுக்கு ஊத்துறீங்க. அதுல எத்தைக் கலக்குறீங்களோ."

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் கையை லேசாக உயர்த்தினார். அதற்கு, பேசாதே என்று அர்த்தம். சாப்பாட்டுக் கேரியரை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குள்தான் அந்தப் பாக்கெட் எண்ணெயில் செய்த பொரியல் இருந்தது.

சாயங்காலம் அவரிடம் கேட்டேன். "டாக்டர் சீட்டைக் காட்டிட்டு வந்துடறேங்க. ஒரு நிமிஷ வேலை."

"காட்டு. அப்புறம் பொண்ணை நீயே வூட்ல வெச்சிக்க."

"கலப்படக்காரன்னு பேர் வந்தா பரவாயில்லையா?"

"கலப்படக்காரன் பொண்ணைக் கட்டுவாங்கம்மா. சீக்காளி பொண்ணைத்தான் யோசிப்பாங்க."

சீட்டைத் திரும்ப டைரிக்குள் வைத்தேன்.

புரட்டாசி முடிவதற்குள் ஆபீஸ்காரர் குடும்பங்கள் நின்றுவிட்டன. அந்த மார்கழியில் என் கணவர் ஒரு காரியம் செய்தார். கடலை எண்ணெயை ஒரு கண்ணாடி பாட்டிலிலும், பாமாயில் கலந்த எண்ணெயை இன்னொன்றிலும் நிரப்பி, விடியற்காலைப் பனியில் வெளியே வைத்து, கடை திறந்ததும் மேசைமேல் வைத்தார். பாமாயில் கலந்தது அடியில் வெள்ளையாகக் கட்டியிருந்தது. எங்களுடையது கலங்காமல் தெளிவாக நின்றது. யாராவது கேட்டால் விளக்கம் சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்தார். பதினோரு நாள் வைத்தார், டைரியில் இருக்கிறது. மாத்திரை வாங்கப் போகிற வழியில் நின்ற ஒரு வாத்தியார் மட்டும் கேட்டார். விளக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "ரீஃபைண்டும் உறையாதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் பாட்டில்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன.

தை மாதம் ஆலைக்காரர் டைரி அனுப்பவில்லை. நாங்கள் டிரம் எடுப்பதை நிறுத்தியிருந்தோம், அவரைக் குறை சொல்ல முடியாது. கடை வாசலில் பாக்கெட்டுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டு என் கணவர் அதையே விற்றார். பாக்கெட் கம்பெனியின் ஏஜெண்ட் ஒரு டைரி கொடுத்தான். ஆலைக்காரர் கொடுத்ததைவிடக் காகிதம் உயர்ந்தது. அதிலும் எழுதினேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் இவர் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடையைப் பற்றித்தான், "முன்ன லூஸ் எண்ணெ வித்தீங்களாமே" என்று ஒருமாதிரி சிரித்தபடி கேட்டார்கள். சேதி அங்கேயும் போய்விட்டிருந்தது. ஆனாலும் கட்டிக்கொண்டார்கள். அந்த வரைக்கும் என் கணவர் கணித்தது சரிதான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வேலூரில் வேறு ஒரு டாக்டர் இவரைப் பார்த்தார். சின்ன வயசுக்காரர். எண்ணெயைப் பற்றி நானாகக் கேட்டேன். "ஒரே எண்ணெய்னு இல்லம்மா. கடலை எண்ணெயும் சேத்துக்கலாம், அளவு கம்மியா இருக்கணும், அவ்ளோதான்" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் கணவர் கேட்டார்:

"நல்ல கடலை எண்ணெ எங்க கிடைக்கும், தெரியுமா உனக்கு?"

வேடிக்கைக்குத்தான் கேட்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கையாகக் கேட்கவில்லை.

இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அந்த வாரமே எதிர்வீட்டுக்குப் போனேன். பழைய டாக்டர் சீட்டையும் கொண்டுபோனேன், நான் அதைத் தூக்கிப் போடவில்லை. அவள் வாசலுக்குப் பக்கத்தில் அந்த டிசம்பர் செடி இடுப்புயரம் வளர்ந்து புதராகியிருந்தது. சீட்டை அவள் நிதானமாகப் படித்தாள். கோடு போட்ட வரியை இரண்டு தரம் படித்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணி. நெஞ்சுவலின்னா நாங்க எண்ணெ வாங்காம பூடுவோமா?"

"பொண்ணு கல்யாணம் இருந்துச்சு."

"அது சரி." சீட்டை மடித்து என் கையில் கொடுத்தாள். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. எல்லார் வூட்லயும் அந்தக் கவர்லதான் செடி வெக்கிறாங்க. எங்கயோ பொறுக்கினதுன்னு நானும் வுட்டிருப்பேன். திருப்பி வெச்சிருந்தீங்க பாருங்க, அதான் உறுத்துச்சு."

காப்பி கொடுத்தாள். அவள் அடுப்படியில் இரண்டு பாக்கெட்டுகள் ஒரு கிண்ணத்தில் சாய்ந்து நின்றன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பழகிடுச்சு" என்றாள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன், கவர் விஷயத்தையும் சேர்த்து. அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "திருப்பி வெச்சதுதான் தப்புன்னு நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் கன்றுகளைக் கவரில்தான் வைக்கிறேன். திருப்புவதில்லை. படம் வெளியே தெரியும்படி வரிசையாக அடுக்கியிருக்கிறேன். யாரும் பார்ப்பதில்லை.